தைலிக்குள் கல்

முதல் கல் வந்த அன்று மன்சூர் அலி மூன்று பேரை அடித்தார். தாங்கிப் பிடிக்க வந்த தம்பி பைசானின் உதடு கிழிந்தது. ஊசியோடு வந்த கம்பவுண்டரைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார். மூன்றாவது ஆள் அவர் மனைவி நஜ்முன்னிசா. ஆனால் அவள் வாங்கியதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. வலி இல்லாத நாளிலும் அவள் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

தாராவியில் தோல் வேலை நடக்கும் சந்து ஒன்றில் அவர்கள் வீடு. கீழே பட்டறை, மேலே குடித்தனம், நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அன்று ஜும்மா முடிந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தவர், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். முதுகின் இடப்பக்கத்தில், இடுப்புக்குச் சற்று மேலே பிடித்த வலி வளைந்து அடிவயிற்றுக்கு இறங்கித் தொடை இடுக்குவரை போனது. உட்கார்ந்தாலும் பொறுக்கவில்லை, படுத்தாலும் பொறுக்கவில்லை. ஏணியில் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். ஷட்டரை உதைத்ததில் தகடு உள்வாங்கியது. வலி கொஞ்சம் விடும். விட்டதும் எல்லாரையும் ஏசுவார். ஏசி முடிப்பதற்குள் திரும்ப வந்து பிடிக்கும், தலையைக் கொண்டுபோய் மேசை விளிம்பில் முட்டுவார். கிளினிக் டாக்டர் கிட்னியில் கல் என்றார். ஊசி போட்டு வலியை அடக்கினார். சின்னக் கல்தான், தண்ணீர் நிறையக் குடித்தால் தானே விழுந்துவிடும், பெரிதாக இருந்தால்தான் மெஷின் வைத்து உடைக்க வேண்டியிருக்கும் என்றார். மறுநாள் ரத்தம் கலந்த சிறுநீரோடு அது விழுந்தது. மிளகு அளவுகூட இல்லை.

அதை உள்ளங்கையில் வைத்துச் சந்து முழுக்கக் காட்டினார் மன்சூர் அலி. "கல்லு எங்கிட்டயே மோதிப் பாத்துச்சு. ஓடிப்போச்சு பாத்தியளா," என்றார். ஊசியை மறந்துவிட்டார். வாழைத்தண்டுச் சாறும் கொள்ளு வேகவைத்த தண்ணீரும்தான் கல்லைத் தள்ளியது என்று சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு சந்தில் யாருக்கு வயிற்றுவலி என்றாலும் வைத்தியம் சொல்ல அவர்தான் முதல் ஆள். பீர் குடித்தால் இன்னும் சீக்கிரம் விழுமே என்று விளையாட்டாகச் சொன்ன பக்கத்துப் பட்டறைக்காரர் பள்ளிவாசல் வாசலிலேயே அறை வாங்கினார்.

நஜ்முன்னிசா தாராவியிலேயே பிறந்தவள். மேலப்பாளையத்திலிருந்து வந்து, பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கிய ஒருவரின் மகள். எட்டாம் வகுப்புவரை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். பத்தொன்பது வயதில் மன்சூர் அலிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பட்டறையில் விளிம்பு சீவுவது, பசை தடவுவது, ரிவெட் அடிப்பது எல்லாம் அவள்தான். இருபது வருஷமாகச் சுத்தியல் பிடித்த கை. அந்தக் கையை அவள் வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தினாள்.

ஒரு தடவை, பெங்களூருக்குப் போக வேண்டிய சரக்கு தாமதமான ஆத்திரத்தில், ஏணியின் பாதியில் நின்றவளை மன்சூர் அலி உதைத்தார். வலது விலாவில் இரண்டு எலும்பில் விரிசல் விட்டது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னாள். அந்த நாட்களில்தான் அவள் வலியைப் படித்தாள். மூச்சை முழுக்க இழுக்கக் கூடாது, பாதியில் நிறுத்தித் திருப்பி விட வேண்டும். இருமல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். யாராவது பாயோரத்தில் காலை வைத்தாலே உடம்பு முழுக்க எச்சரிக்கையாகிவிடும். ஆளை உருட்டிப் புரட்டும் வலி வேறு, ஆளை அசையவிடாமல் ஆணி அடிக்கும் வலி வேறு. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது கல் போன வருஷம் கோவண்டியில் ஒரு கல்யாண விருந்தோடு வந்தது. நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்த மன்சூர் அலி, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சுருண்டார். இந்தத் தடவை வலி முன்பக்கம், வலது விலாவுக்குக் கீழே இருந்தது. அங்கிருந்து வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய்க் குத்தியது. வாந்தி எடுத்தார். சில மணி நேரம் இறுக்கிப் பிடித்துவிட்டுத் தானாக விட்டது.

மறுநாள் சோனோகிராபி ஸ்கேன் எடுக்கத் தனியாகப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் பழைய மிடுக்கு வந்திருந்தது.

"என்ன சொன்னான் மச்சான்?" என்றாள் நஜ்முன்னிசா.

"என்ன வேலை பாக்கேன்னு கேட்டான். தைலி தைக்கேன், தோல் தைலின்னு சொன்னேன். தைலி தைக்கவனுக்கு உக்காந்து உக்காந்து பித்தம் கூடிருமாம், பத்ரியும் வந்துருமாம். ரெண்டும் இருக்குன்னுட்டான்."

இந்தியில் பத்ரி என்றால் வயிற்றுக்குள் வரும் கல். தைலி என்றால் பை. பித்தம் தமிழிலும் பித்தம்தான். தலை சுற்றினால், வாய் கசந்தால் பித்தம் என்று இஞ்சி தட்டிப் போட்டு எலுமிச்சை பிழிந்து குடிப்பார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"டாக்டர்ட்ட காமிக்கண்டாமா?"

"எதுக்கு? பத்ரிய நான் பாக்காததா? போன தடவை வெரட்டலையா?"

"காயிதம் எங்க?"

"ஆட்டோவுல விட்டுட்டேன். வாயால சொல்லிட்டான்லா, காயிதம் எதுக்குட்டி உனக்கு? நீ என்ன டாக்டரா?"

மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து வாழைத்தண்டு வந்தது. கொள்ளு அடுப்பிலேயே கிடந்தது. பித்தத்துக்கு இஞ்சி, கல்லுக்குக் கொள்ளு என்று இரண்டு வைத்தியமும் ஒரே வயிற்றில் நடந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கல் விழவில்லை. எண்ணெய்ப் பலகாரம் தின்ற நாளெல்லாம் வலி வந்தது. வலி வந்த நாளெல்லாம் சாறு சரியாகப் பிழியவில்லை என்று நஜ்முன்னிசா அடி வாங்கினாள். ஒரு தடவை, தண்டோடு நார் கிடந்தது என்று அரைத்த சாற்றைச் சட்டியோடு அவள் முகத்தில் எறிந்தார். புருவம் பிளந்தது. மகள் பரீஹா துணியைச் சுருட்டி வைத்து அமுக்கினாள்.

"உம்மா, சலோ நா, வடாலாக்குப் போயிரலாம். பேகம் சின்னும்மா கூப்ட்டுட்டே இருக்காங்கல்லா," என்றாள் பரீஹா. பதினேழு வயசு. பாதி இந்தி, பாதித் தமிழ்.

"போலாம்ட்டி. இந்தக் கல்லு விழட்டும்," என்றாள் நஜ்முன்னிசா. தன் வாயிலிருந்து ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

கடைசியில் பைசான் ஒரு வைத்தியத்தைக் கொண்டுவந்தான். அவன் போனில் யாரோ அனுப்பியது. அரை டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சை பிழிந்து ஒரே மூச்சில் குடித்தால் பத்ரி கழன்று வந்துவிடும். "லட்சம் பேர் பாத்துருக்கான் காக்கா," என்றான். அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான். மன்சூர் அலி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

அன்று சாயங்காலம் அவர் போட்ட சத்தத்தில் எதிர்ப் பட்டறையில் மெஷின்கள் நின்றன. மறுநாள் காய்ச்சல் வந்தது. பல் கிட்டும் குளிர். பட்டறையில் கிடந்த சாக்கெல்லாம் போர்த்தியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சிறுநீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் போனது.

"கல்லு கரைஞ்சு வருது பாத்தியா," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அதற்கு மறுநாள் சத்தமே இல்லை.

மத்தியானம் நஜ்முன்னிசா கஞ்சியோடு ஏணியேறி வந்து பார்த்தாள். மன்சூர் அலி மல்லாந்து கிடந்தார். முழங்காலை லேசாக மடக்கியிருந்தார். ஏசவில்லை, புரளவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கண் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. அவள் கால் பட்டுப் பலகை அதிர்ந்தது. அவர் முகம் சுருங்கியது. மூச்சை இழுத்தார். பாதியில் நிறுத்தி, மெல்லத் திருப்பி விட்டார்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அடித்து நொறுக்கும்போது அவள் இந்த ஆளைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். சும்மா கிடப்பதைப் பார்த்துப் பயந்தது அன்றுதான். அந்தப் பாதி மூச்சு அவளுடையது. அதை அவள் மாதக்கணக்கில் விட்டிருக்கிறாள்.

"பைசானு, மேல வா. காக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். இது அந்தக் கல்லு இல்ல."

பைசான் ஏணியின் மேல்படியில் நின்று தலையை மட்டும் நீட்டினான். "பத்ரி பத்ரிதான மைனி? காக்கா ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொல்லிருக்காவ."

"அன்னைக்கு உன் உதட்டக் கிழிச்சாவளா இல்லையா? இன்னைக்கு ஏன் உருளாம கெடக்காவ? தொட்டுப் பாரு."

பைசான் வந்து தோளைத் தொட்டான். மன்சூர் அலியின் கண் திறந்தது. காய்ச்சலில் அது யாரையும் அடையாளம் காணவில்லை. நஜ்முன்னிசா சீவிக்கொண்டிருந்த பெல்ட் துண்டுகள் பாய்க்குப் பக்கத்தில் கிடந்தன. அவற்றின்மேல் தோல் சீவும் கத்தி இருந்தது. அவர் கை அதைத் தேடிப்போன வேகத்தை அவள் பார்த்தாள். கத்துவதற்குள் பைசானின் முன்கையில் முழங்கைவரை ஒரு கோடு விழுந்தது. ரத்தம் பலகையில் சொட்டியது. பைசான் பின்வாங்கி ஏணிப் படிக்கே போய்விட்டான்.

"என்னைக் கொல்லப் பாக்கியளா? கிட்ட வந்தா வகுந்துருவேன்," என்றார் மன்சூர் அலி. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு பாதி மூச்சு.

விட்டுவிடலாம். அந்த நினைப்பு அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். கையில் கத்தியோடு ஒரு மனுஷன், வேண்டாம் என்கிறான், தம்பி சாட்சி. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது. இரண்டு நாளில் வீட்டில் சத்தமே இருக்காது. அவள் அந்த வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். ஏறவில்லை. பாதியில் நின்றது. இப்படிக் கிடக்கும் ஓர் உடம்பை விட்டுவிட்டு ஏணியில் இறங்க அவளுக்குக் கால் வரவில்லை.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. அவரால் ஒரு அடி அடிக்க முடியும். இரண்டாவது அடிக்கு மூச்சு வேண்டும்.

மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு முழுத் தோலை எடுத்தாள். எருமைத் தோல், கனமானது. அதை இரண்டு கையாலும் விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு போனாள். கத்தி வந்தது, தோலில் குத்தி நின்றது. அவர் அதை உருவ மூச்சை இழுத்தார், மூச்சு நடுவில் அறுந்தது, வாய் கோணியது. அதற்குள் அவள் தோலோடு சேர்த்து அந்தக் கையின்மேல் முழங்காலை ஊன்றிவிட்டாள். அவர் இடக் கையால் அவள் காதோடு சேர்த்து அறைந்தார். காதுக்குள் விசில் அடித்தது. அவள் விடவில்லை. கையைத் திருகிக் கத்தியைப் பிடுங்கி ஏணித் துவாரம் வழியாகக் கீழே எறிந்தாள்.

"பரீஹா, பெல்ட்டு கொண்டா. பக்கிள் மாட்டுனது. நாலு."

இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஒன்று, முழங்காலுக்கு மேல் ஒன்று, கணுக்காலில் ஒன்று. வயிற்றைத் தொடவில்லை. நாலாவதை அக்குளுக்குக் கீழே விட்டுப் பிடியாக வைத்துக்கொண்டாள். எருமைத் தோலில் வைத்துப் பொதிந்து, அவளும் பரீஹாவும் மேலிருந்து பிடிக்க, கீழே பட்டறை ஆட்கள் இரண்டு பேர் தாங்க, மன்சூர் அலியை ஏணி வழியாக இறக்கினார்கள். சந்தில் ஆம்புலன்ஸ் நுழையாது. சரக்கு ஏற்றும் தள்ளுவண்டியில் கிடத்தி, ஆம்புலன்ஸ் வரக்கூடிய தொண்ணூறு அடி ரோடுவரை தள்ளினாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் அவளையும் அவள் வாப்பாவையும் சேர்த்துக் கெட்ட வார்த்தையால் ஏசினார். சந்து முழுக்க வாசலில் நின்று பார்த்தது. பைசான் கையில் துணி சுற்றிக்கொண்டு பத்தடி தள்ளிப் பின்னால் வந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஷாலினி என்ற இளம் டாக்டர் ஓடிவந்தார். கட்டைப் பார்த்ததும் முகம் கடுத்தது. "கிஸ்னே பாந்தா?" யார் கட்டியது, முதலில் அவிழுங்கள் என்று இந்தியில் அதட்டினார். நஜ்முன்னிசா பேசியதைக் கேட்டுவிட்டுத் தானும் தமிழுக்கு மாறினார். "நான் செம்பூர்தான், தமிழ் வரும். பேஷன்ட்டை இப்படிக் கட்டக் கூடாது."

அவிழ்த்தாள். டாக்டர் வலது விலா எலும்பின் விளிம்புக்குக் கீழே விரலை வைத்து அமுக்கி, "மூச்சை நன்னா இழுங்கோ," என்றார். மன்சூர் அலி இழுத்தார். விரல் பட்ட இடத்தில் மூச்சு வெட்டினாற்போல் நின்றது. அடுத்த நொடி அவர் முஷ்டி டாக்டரின் தாடையில் விழுந்தது. கண்ணாடி தரையில் தெறித்தது. மருந்துத் தட்டு கவிழ்ந்தது. ஆஸ்பத்திரிக் காவலாளிகள் ஓடிவந்தார்கள். வார்டு பாய் ஒருவன் மன்சூர் அலியின் கழுத்தைப் பிடித்தான். பைசான் அவன்மேல் பாய்ந்தான், காவலாளியின் தடி பைசானின் முதுகில் இறங்கியது. இன்னொரு டாக்டர் இந்தியில் கத்தினார். போலீஸைக் கூப்பிடு, இந்த ஆளை இனி யாரும் தொட வேண்டாம், வெளியே தள்ளு.

நஜ்முன்னிசா சண்டைக்குள் புகுந்தாள். யாருடைய முழங்கையோ அவள் வாயில் இடித்தது. மன்சூர் அலியின் இரண்டு கையையும் பிடித்துப் பெல்ட்டைச் சுற்றிக் கட்டிலின் கம்பியோடு சேர்த்து மாட்டினாள். பிறகு திரும்பி, உதட்டு ரத்தத்தோடு டாக்டர் ஷாலினியைப் பார்த்துச் சொன்னாள்:

"கட்டிட்டேன் டாக்டரம்மா. இனி அடிக்க மாட்டாவ. போலீஸ கூப்புடுங்க, வேண்டாங்கல. ஆனா மொதல்ல பாத்துட்டுக் கூப்புடுங்க. ஒங்க கை பட்ட எடத்துல மூச்சு நின்னுட்டு, பாத்தியள்லா? மத்தியானத்துலேருந்தே அப்படித்தான் நிக்கி."

டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டே அவளைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் உடைந்திருந்தது. "எல்லாரும் தள்ளுங்கோ," என்றார்.

சோனோகிராபி மெஷினை வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் இந்தியிலேயே சொன்னார்: "பித்த கீ தைலி மே பத்ரி ஹை."

நஜ்முன்னிசா கட்டிலருகே வந்தாள். "திருப்பிச் சொல்லுங்க."

"பித்த கீ தைலி. பித்தப் பை. கல்லீரலுக்குக் கீழ ஒரு சின்னப் பை இருக்கு. கல் அதுக்குள்ள. கிட்னில இல்லை."

தைலி. மன்சூர் அலி தைக்கும் பை இல்லை. அவருக்குள்ளேயே தைத்து வைத்த பை. சோனோகிராபி ஆள் மூன்று சொல்லையும் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறான். இவர்தான் அதைப் பிரித்துப் பிரித்துக் கேட்டிருக்கிறார்.

"தண்ணி குடிச்சா விழாதா?"

"எவ்வளவு குடிச்சாலும் விழாது. தண்ணி போற வழி வேற, இது வேற. நெய், எண்ணெய் சாப்பிட்டா அந்தப் பை சுருங்கும், கல் வாயில வந்து அடைக்கும், வலிக்கும். என்ன குடுத்தேள்?"

நஜ்முன்னிசா பைசானைத் திரும்பிப் பார்த்தாள். "எண்ணெய்," என்றாள்.

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கல் பையிலிருந்து நழுவிப் பித்தக் குழாயில் மாட்டியிருக்கிறது என்றார். பித்தம் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறுகிறது, அதுதான் மஞ்சள், அதுதான் கருத்த சிறுநீர். கல் கரைந்து வரவில்லை. தேங்கிய இடத்தில் சீழ் வைத்திருக்கிறது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கே வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைப்பைத் திறந்து வடித்துவிட வேண்டும். உடம்பு தேறினபின் சின்னத் துளை போட்டுப் பித்தப் பையையே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வரும்.

"பையையேவா? காக்காட்ட கேக்காமலா?" என்றான் பைசான்.

"அது இல்லாம நன்னா இருக்கலாம். கேக்கறதுக்கு அவருக்கு நினைவு இல்லை. நாளைக்கு வரைக்கும் தாங்க மாட்டார்."

நஜ்முன்னிசா கையெழுத்துப் போட்டாள்.

குழாய் வழியாக வந்தது சீழும் சேறுமாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். மூன்று நாள் காய்ச்சலோடு மல்லாடி, நாலாம் நாள் மன்சூர் அலிக்குத் தெளிந்தது. டாக்டர் ஷாலினி போலீஸில் எழுதிக் கொடுக்கவில்லை. தாடை நீலம் பாரித்திருக்க வந்து, "அடுத்த வாட்டி அடிச்சேள்னா நானே கட்டுவேன்," என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பார்க்க வந்த பைசான் கட்டிலோரத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தான். "காக்கா, மானம் போச்சு. ஒங்கள மாட்டக் கட்டுனாப்ல கட்டி, தள்ளுவண்டில போட்டு, நம்ம சந்து வழியா தள்ளிட்டு வந்தா மைனி. எல்லாவனும் பாத்தான்."

மன்சூர் அலி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்து, பட்டை பட்டையாகக் கன்றியிருந்தது. "யாரு, நீயாட்டி கட்டுன?"

"நான்தான்," என்றாள் நஜ்முன்னிசா.

அவர் கை எழுந்தது. ஊசி செருகியிருந்த கை, குழாயோடு எழுந்தது. எப்போதும் அந்தக் கை எழும்போது அவள் ஓர் அடி பின்னால் போவாள். உடம்பே போய்விடும். இன்று போகவில்லை. கைக்கெட்டும் இடத்திலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு போர்வைமேல் விழுந்தது. பலம் இல்லாமல் விழுந்ததா, வேறு எதனாலா என்று அவள் யோசிக்கவில்லை.

மன்சூர் அலி தம்பி பக்கம் திரும்பினார். "நான் கத்தி எடுத்தப்போ நீ எங்கல நின்ன?"

"ஏணில," என்றான் பைசான்.

நஜ்முன்னிசா சொன்னாள்: "பை எடுக்க ஆறு வாரம் ஆவுமாம். அதுவரை நெய் கூடாது, எண்ணெ கூடாது. சோறு நான் ஆக்குதேன், பைசான் வந்து வாங்கிட்டுப் போட்டும். நானும் பரீஹாவும் வடாலாவுல பேகம் வீட்டுல இருப்போம். ஆப்பரேசன் அன்னைக்கு வருவேன். கூட இருப்பேன்."

"அதுக்கப்புறம்?"

"அது எனக்கும் தெரியல மச்சான். ஏணில ஏறணும்னு தோணுனா ஏறுவேன்."

வார்டில் விளக்குப் போட்டார்கள். மன்சூர் அலி சுவர்ப் பக்கம் பார்த்துக் கிடந்தார். "கஞ்சில கருவாடு தொட்டுக்கிடலாமான்னு அந்த டாக்டர் புள்ளட்ட கேளு," என்றார்.

"பொரிக்காம சுட்டா தப்பில்லைன்னு நெனைக்கேன். கேட்டுட்டுப் போறேன்," என்றாள். கேட்டுவிட்டு, வராந்தாவில் நின்ற பரீஹாவைக் கூட்டிக்கொண்டு, வடாலா பஸ்ஸுக்குப் போனாள்.